மயக்க டாக்டர் ஊசி போட்டதும் கிளம்பிடுவாரா?

போன வருஷம் எங்க மாமாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆச்சு, அம்மாப்பேட்டைல நாப்பது வருஷமா தறி ஓட்டுன மனுஷன், ரெண்டு அடைப்பு, கூடவே ஒரு வால்வும் மாத்தணும்னாங்க. சேலத்துலயே தான் பண்ணோம், ஆஸ்பத்திரி பேரு வேணாம். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் முழுக்க வீட்டுல ஒரே பேச்சு, சர்ஜன் யாரு, கைராசிக்காரரா, எங்க படிச்சாரு, செவ்வாப்பேட்டைல யாருக்கோ பண்ணாராமே அவங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு. மயக்க மருந்து குடுக்கப் போறது யாருன்னு ஒருத்தர் கூட கேக்கல, நானும் கேக்கல. எஸ்டிமேட்ல அந்த வரிய பாத்துட்டு "இது என்னங்க தனியா, கொஞ்சம் கொறைங்க"ன்னு மட்டும் கேட்டோம், இப்ப நெனச்சா கேவலமா இருக்கு.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ரெண்டாவது நாள் ராத்திரி தான் ஆரம்பிச்சுது. ஐசியூல இருந்து கூப்பிட்டாங்க, போனா மாமா சிஸ்டரை திட்டிட்டு இருக்காரு, "மூணாம் நம்பர் தறில பாவு அறுந்துருச்சு, மெயினை ஆஃப் பண்ணுங்கடா"ங்கறாரு, கைல இருந்த ட்ரிப்ஸ் வயரைப் புடிச்சு இழுக்குறாரு, என்னைய யாருன்னே தெரியல. அத்தை அப்படியே உக்காந்துட்டாங்க. விடிஞ்சதும் கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கப் போயிட்டாங்க, நாங்க மூளைக்கு ஏதோ ஆயிருச்சு, மறைக்கிறாங்கன்னு நெனச்சோம். "சரியாயிடும் சார், வெளிய இருங்க"ங்கறதுக்கு மேல யாரும் ஒண்ணும் சொல்லல.

பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா முறை, வெளியூர்ல ஒரு மெடிக்கல் காலேஜ்ல ஹார்ட் ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்குற டாக்டரா இருந்து பசங்களுக்கு பாடமும் நடத்துது, ஆராய்ச்சியும் பண்ணுது. அதுக்கு போன் போட்டேன். நான் அழற மாதிரி சொல்லி முடிச்சதும் அது கேட்ட மொதல் கேள்வி, "டேய், மாமா காது மெஷின் எங்க? கண்ணாடி எங்க?"

அத்தையோட மஞ்சப்பைல இருந்துச்சு ரெண்டும், ஆபரேஷன் அன்னைக்கு கழட்டிக் குடுத்தது. தறிச் சத்தத்துலயே வாழ்ந்தவங்களுக்கு காது மந்தமாகிறது நம்மூர்ல புதுசா என்ன, மாமா மெஷின் இல்லாம பாதி செவிடு. பேசுறது கேக்கல, மொகம் தெரியல, நைட்டா பகலான்னு தெரியாத ஒரு ரூம், அதுல மெஷின்லாம் ஒரே தாளத்துல அடிச்சுட்டு இருக்கு. அவரு மூளை தனக்குத் தெரிஞ்ச ஒரு எடத்துக்கு கூட்டிட்டுப் போயிருச்சு, தறிக்கூடத்துக்கு. இதுக்குப் பேரு டெலிரியம்னு அக்கா சொல்லுச்சு, தமிழ்ல மனக்குழப்பம்னு எழுதுறாங்க, பைத்தியம் இல்ல, பெரும்பாலும் சில நாள்ல அடங்கிரும், ஹார்ட் ஆபரேஷன் பண்ண வயசானவங்கள்ல சுமாரா நாலஞ்சு பேர்ல ஒருத்தருக்கு வர்றதுதான். மெஷினை மாட்டி விட்டு, கண்ணாடி போட்டு, அத்தைய பக்கத்துல உக்கார வெச்சு, நைட்டு லைட்டை கொறைக்கச் சொல்லி கெஞ்சுனோம். இன்னும் ரெண்டு நாள்ல மனுஷன் திரும்பி வந்துட்டாரு.

அதுக்கப்புறம் தான் இந்த மயக்க டாக்டர் வேலைன்னா என்னன்னு அக்காவ நோண்டி நோண்டி கேட்டு, நானும் கொஞ்சம் படிச்சு தெரிஞ்சுகிட்டேன். ஒண்ணுமே தெரியாத என்னைய மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல மயக்கம்ங்கறது தூக்கம் இல்ல. தூங்குறவன கிள்ளுனா முழிச்சுக்குவான். இது வேற, வலி தெரியக்கூடாது, நெனப்பு இருக்கக்கூடாது, ஒடம்பு அசையக்கூடாது, மூணையும் மருந்தால செஞ்சுட்டு மூச்சு, பிரஷர், நாடித்துடிப்பு எல்லாத்தையும் இன்னொரு மனுஷன் தன் கைல எடுத்துக்கறது. 1846 அக்டோபர் 16 பாஸ்டன்ல மார்ட்டன்னு ஒரு பல் டாக்டர் ஈத்தர் குடுத்து எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டுனதுல இருந்து இது பரவுச்சு. ஆனா அதுக்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல இதயத்தை நிறுத்தி உள்ள தொறந்து வேலை பாக்க வழி இல்ல, ஏன்னா நிறுத்துனா சில நிமிஷத்துல மூளை போயிரும். 1953 மே 6 ஃபிலடெல்ஃபியால கிப்பன்ங்கற சர்ஜன் இதய நுரையீரல் மெஷினை வெச்சு ஒரு 18 வயசுப் பொண்ணோட இதயத்துல இருந்த ஓட்டைய அடைச்சாரு, அதுதான் ஆரம்பம்.

மெஷின் என்ன பண்ணுதுன்னா, ஐந்து ரோட்டுல மேம்பாலம் கட்டுனப்ப வண்டிய எல்லாம் வேற பக்கம் திருப்பி விட்டாங்க பாருங்க, அந்த மாதிரி. இதயத்துக்கு வர்ற ரத்தத்தை வெளிய எடுத்து, ஆக்ஸிஜன் ஏத்தி, திரும்ப ஒடம்புக்குள்ள தள்ளி விடும். பம்ப்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நம்மூர்ல நெறைய பைபாஸ் ஆபரேஷன், அதாவது அடைப்ப சுத்தி வேற ரத்தக்குழாய் தெக்கறது, பம்ப் இல்லாமலே துடிக்கிற இதயத்துல வெச்சே தெச்சுடறாங்க, மாமாவுக்கு வால்வும் இருந்ததால பம்ப்.

இதுல மயக்க டாக்டர் எங்க வர்றாருன்னு கேட்டா, அக்கா சிரிச்சுட்டு "எங்க வரலன்னு கேளு"ங்குது. காலைல பேஷண்ட் உள்ள வந்ததும் மணிக்கட்டு நாடில ஒரு சின்ன குழாய், அதுல பிரஷர் ஒவ்வொரு துடிப்புக்கும் தெரியும். கழுத்துல பெரிய குழாய், மருந்தெல்லாம் அது வழியா. தொண்டைல மூச்சுக்குழாய். அப்புறம் உணவுக்குழாய் வழியா ஒரு ஸ்கேன் கருவிய எறக்குவாங்க, இதயம் உணவுக்குழாய்க்கு நேர் முன்னாடி ஒட்டி இருக்கறதால அங்க இருந்து பாத்தா வால்வு தொறந்து மூடறது அப்படியே தெரியுமாம். சர்ஜன் புது வால்வ தெச்சு முடிச்சதும் ஒழுகுதா இல்லையான்னு மொதல்ல பாத்து சொல்றது பெரும்பாலும் இவங்கதான், ஒழுகுதுன்னா திரும்ப பம்ப்ல போட்டு சரி பண்ணணும், அத சர்ஜன் மூஞ்சிக்கு நேரா சொல்ற தைரியம் வேணும்.

ரத்தம் மெஷினுக்குள்ள போனா உறைஞ்சிரும், அதனால ஹெப்பாரின்னு ஒரு மருந்து, கிலோவுக்கு 300, 400 யூனிட் கணக்குல. சாதாரணமா ஒரு டியூப்ல ரெண்டு நிமிஷம் போல எடுத்து உறையற ரத்தம், பம்ப் ஆரம்பிக்க எட்டு நிமிஷம், அதாவது 480 செகண்டாவது ஆகணும்னு பெரும்பாலான எடத்துல வெச்சிருக்காங்க, அது வரைக்கும் பம்ப் ஓடாது. வேலை முடிஞ்சதும் அத முறிக்க புரோட்டமைன். ஹெப்பாரின் பன்னிக் குடல்ல இருந்து எடுக்கறது, புரோட்டமைன் சால்மன் மீனோட விந்துல இருந்து வந்தது, மாமா சுத்த சைவம், இன்னும் சொல்லல, தயவு செஞ்சு யாரும் சொல்லிடாதீங்க. இதயத்தை நிறுத்தறது பொட்டாசியம் நெறைய இருக்குற கரைசல். எளநீர்ல இருக்குற அதே பொட்டாசியம் தான், அளவு மீறுனா துடிப்பு நின்னுரும், அதையே வேணும்னு செய்யறாங்க.

பம்ப்ல இருந்து இதயத்தை திரும்ப ஓட வைக்கிற அந்த பத்து பதினஞ்சு நிமிஷம் தான் அக்காவுக்கு ரொம்ப புடிச்சதாம், பயமும் அப்பத்தானாம். நின்ன தறிய மறுபடி ஓட்டுற மாதிரின்னு மாமா பாஷைல நான் சொன்னேன், மொதல் சில அடி தடுமாறும், அப்புறம் புடிச்சுக்கும். எந்த மருந்து எவ்ளோ சொட்டு, தண்ணி பத்தலையா, இதயம் சோந்து போயிருக்கா, வலது பக்கமா எடது பக்கமான்னு ஸ்கேன்ல பாத்துகிட்டே முடிவு பண்ணணும்.

சரி, இது வரைக்கும் தியேட்டர் வேலை. அக்கா இத்தன வருஷம் மண்டைய ஒடைச்சுட்டு இருக்கறது இதுல இல்ல, இதுக்கு அப்புறம் நடக்கறதுல.

ஒரு காலத்துல ஹார்ட் ஆபரேஷன்னா மயக்கத்துக்கு மார்ஃபின அள்ளிக் குடுப்பாங்களாம், 1969ல பாஸ்டன்ல இருந்து வந்த ஒரு ஆய்வுக்கப்புறம் அது பரவுச்சு, பின்னாடி அதே மாதிரி ஃபென்டனில்ங்கற இன்னொரு வலி மருந்து. பலவீனமான இதயத்துக்கு இந்த மருந்துங்க பெருசா தொந்தரவு பண்ணாது, பிரஷர் நிலையா இருக்கும், அதனால எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா இந்த மருந்துங்க மூச்சு விடற ஆசையவே அடக்கிரும், அதனால பேஷண்ட் ராத்திரி முழுக்க வெண்டிலேட்டர்ல கெடக்கணும், அடுத்த நாள் தான் டியூப் எடுப்பாங்க. அதுதான் பாதுகாப்புன்னு ரொம்ப வருஷம் நெனச்சிருந்தாங்க. 1990கள்ல தான் இந்த பழக்கம் மாறுச்சு, மருந்த கொறைச்சு, ஒடம்ப சூடா வெச்சு, பொருத்தமான பேஷண்டுக்கு ஆறு மணி நேரத்துக்குள்ள டியூப எடுத்துப் பாத்தாங்க, பேஷண்டுக்கு கெடுதல் ஒண்ணும் ஆகல, ஐசியூல இருந்து சீக்கிரம் வெளிய வந்தாங்க.

அதே சமயத்துல டென்மார்க்ல கெஹ்லெட்னு ஒரு சர்ஜன் குடல் ஆபரேஷன்ல வேற ஒரு பாதைல போனாரு. பட்டினி, வலி, படுத்தே கெடக்கறது, அளவுக்கு மேல ட்ரிப்ஸ், இதுல ஒவ்வொண்ணையும் தனித்தனியா கொஞ்சம் கொஞ்சம் சரி பண்ணா எல்லாம் சேந்து பெருசா மாறும்ங்கறது அவரு கணக்கு. இதத்தான் இப்ப ஈராஸ்னு கூப்பிடறாங்க, ஆபரேஷனுக்கப்புறம் சீக்கிரமா தேறி வர்றதுக்கான ஒரு மொறை. ஹார்ட் ஆபரேஷனுக்குன்னு தனி வழிகாட்டி 2019ல தான் வந்துச்சு.

இதுல நம்ம ஊருக்கு ரொம்ப வேண்டிய ஒரு விஷயம், பட்டினி. மாமாவ முந்தின நாள் ராத்திரி பத்து மணில இருந்து தண்ணி கூட குடிக்க விடல, மறுநாள் கேஸ் தள்ளிப்போயி பகல் ஒரு மணிக்குத்தான் உள்ள போனாரு. இப்ப இருக்குற வழிகாட்டிங்க படி, சர்க்கரை வியாதில வயிறு மெதுவா காலியாகறது மாதிரி தனிப்பட்ட காரணம் இல்லன்னா, தெளிவான தண்ணி சமாச்சாரத்தை ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம், பால் ஊத்தாத கருப்பு காப்பி கூட அந்தக் கணக்குல வருது. ஏற்காட்டுக் காப்பி காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டுன்னு குடிச்சுப் பழகுனவனுக்கு திடீர்னு நிறுத்துனா மண்டைவலி வரும், அது ஆபரேஷன்னால வந்ததுன்னு நெனச்சு வலி மாத்திரை ஏத்துவாங்க. ஆனா நீங்களா முடிவு பண்ணி குடிச்சுட்டுப் போயிராதீங்க சாமி, கேஸையே கேன்சல் பண்ணிருவாங்க, மயக்க டாக்டர் கிட்ட முந்தின நாளே கேளுங்க, கேக்கலாம்ங்கறதே நம்ம பல பேருக்குத் தெரியாது.

இன்னொன்னு அந்த மூணு பந்து டப்பா. ஆபரேஷனுக்கப்புறம் குடுப்பாங்க, வாய்ல வெச்சு உள்ள இழுக்கணும், பந்து மேல ஏறணும், நுரையீரல் விரியறதுக்கு. மாமா ஒரு நாள் முழுக்க ஊதிட்டு இருந்தாரு, பந்து எப்படி ஏறும். நெஞ்செலும்ப அறுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிய வெச்சு கட்டியிருக்கறதால இருமுனா உயிர் போற வலி, தலகாணிய நெஞ்சோட அணைச்சுகிட்டு இருமணும். கம்பி ஆயுசுக்கும் உள்ளயே தான் இருக்கும், ஸ்டீல் பிளான்ட் இருக்குற ஊர்ல பொறந்ததுக்கு நெஞ்சுக்குள்ளயும் ஸ்டீல் தானான்னு மாமா பின்னாடி ஜோக் அடிச்சாரு.

இப்ப இந்த "ஆராய்ச்சி பண்ற" மயக்க டாக்டர்னா என்ன. எம்பிபிஎஸ் ட்ரெயினிங்கோட சேத்து அஞ்சரை வருஷம், எம்டி அனஸ்தீசியா மூணு வருஷம், அதுக்கு மேல ஹார்ட்டுக்குன்னு டிஎம் மூணு வருஷம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மாதிரி எடத்துல படிக்கலாம். நடுவுல நுழைவுத் தேர்வுக்கு படிக்கிற வருஷத்தை சேக்காமலே பதினொன்னரை. எங்க பெரியம்மா இன்னும் "நீ ஏண்டி சர்ஜன் ஆகல"ன்னு கேக்கும். ப்ரைவேட்ல போனா சம்பளம் கூட, காலேஜ்ல இருந்தா காலைல தியேட்டர், சாயங்காலம் ஐசியூ ரவுண்ட்ஸ், நடுவுல பிஜி பசங்களோட தீசிஸ், எத்திக்ஸ் கமிட்டிக்கு பேப்பர், பேஷண்டுங்கள வெச்சு சிகிச்சைய சோதிச்சுப் பாக்குற ட்ரையல்னா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நாட்டோட பதிவேட்டுல பதியணும், ராத்திரி எக்செல். இதுல எது கஷ்டம்னு கேட்டேன், போன் தான்னு சொல்லுச்சு. மூணு மாசம் கழிச்சு பேஷண்ட் எப்படி இருக்காருன்னு கூப்பிட்டா நம்பர் ஸ்விட்ச் ஆஃப், இல்ல மருமகன் எடுத்து "அவரு காட்டுல இருக்காருங்க"ன்னு வெச்சுருவாராம்.

ஆனா அந்த போன்ல தான் எல்லாமே இருக்கு. அமெரிக்கால டியூக் யுனிவர்சிட்டில நியூமேன்ங்கற மயக்க டாக்டரோட குழு பைபாஸ் ஆன 261 பேரை விடாம தொரத்தி அஞ்சு வருஷம் வரைக்கும் ஞாபகசக்தி, கவனம்லாம் டெஸ்ட் பண்ணாங்க, 2001ல வெளியிட்டாங்க. டிஸ்சார்ஜ் ஆகறப்ப 53 சதவீதம் பேருக்கு முன்ன விட கொறைஞ்சிருந்துச்சு, ஆறு மாசத்துல அது 24க்கு எறங்குச்சு, சரி தேறிட்டாங்கன்னு பாத்தா அஞ்சு வருஷத்துல 42. இதுல எவ்ளோ ஆபரேஷன்னால, எவ்ளோ வயசுனால, ஏற்கனவே ரத்தக்குழாய் கெட்டிருந்ததுனாலங்கறதுல அப்பவே சண்டை, இன்னும் முடியல. ஆனா "உயிரோட வெளிய அனுப்பிட்டோம், வேலை முடிஞ்சுது"ங்கற நெனப்ப அந்த நம்பருங்க கலைச்சு விட்டுருச்சு.

மாமாவுக்கு வந்த டெலிரியத்தையே எடுத்துக்கங்க. அத கண்டுபிடிக்கறதுக்கு ஐசியூல ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு, சிஸ்டர் பேஷண்ட் கைய புடிச்சுகிட்டு பத்து இங்கிலீஷ் எழுத்த ஒவ்வொண்ணா சொல்லுவாங்க, ஏ வர்றப்ப மட்டும் கைய அழுத்தணும். அந்த பத்து எழுத்தையும் சேத்துப் படிச்சா 'சேவ் எ ஹார்ட்'ங்கற மாதிரி வரும். மாமா மாதிரி கத்துறவங்கள யாரும் கண்டுபிடிச்சிருவாங்க, சத்தமே போடாம செவத்த பாத்து படுத்திருக்கறவங்கதான் தப்பிப் போயிடறாங்க, "நல்லா அமைதியா இருக்காருங்க"ன்னு நாமளே சொல்லிருவோம்.

இத தடுக்க டெக்ஸ்மெடிடோமிடின்னு ஒரு தூக்க மருந்து மேல எல்லாருக்கும் ரொம்ப நம்பிக்கை இருந்துச்சு. 2020ல கிட்டத்தட்ட 800 பேர வெச்சு ஹார்ட் ஆபரேஷன்ல செஞ்ச ட்ரையல்ல டெலிரியம் கொறையல. அதுக்கு முந்தின வருஷம் பாஸ்டன்ல இன்னொரு மயக்கவியல் குழு அறுவது வயசுக்கு மேல 120 பேர எடுத்து, அதுல பாதிப் பேருக்கு என்ன குடுத்தாங்க தெரியுமா, பாராசிட்டமால், நம்ம காய்ச்சல் மாத்திரை அதே தான், ட்ரிப்ஸ்ல ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெண்டு நாளைக்கு. குடுக்காதவங்கள்ல 28 சதவீதம் பேருக்கு டெலிரியம், குடுத்தவங்கள்ல 10. சின்ன ட்ரையல், அத மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாதுன்னு அக்கா ரெண்டு தடவை சொல்லுச்சு, பெரிய ட்ரையல் வேணும்னு. எனக்கு இதுல புடிச்சதே அதுதான், வெலை ஒசந்த மருந்து கவுந்துருச்சு, பெட்டிக்கடைல கெடைக்கிற மருந்து நின்னு பேசுது.

ரத்தக் கதையும் அப்படித்தான். மாமாவுக்காக தெருப் பசங்க எட்டு பேரு ரத்தம் குடுத்தாங்க, ஏத்துனது ஒரு பாட்டில் தான், அத்தைக்கு கோவம், மிச்சம் எங்கன்னு. 2017ல கனடாவுல ஒரு மயக்க டாக்டர் தலைமைல 5000 பேருக்கு மேல வெச்சு பாத்திருக்காங்க, ஹீமோகுளோபின் 7.5க்கு கீழ போனாத்தான் ஏத்துவோம்னு காத்திருந்தவங்களும், 9.5க்கு கீழ வந்ததுமே ஏத்துனவங்களும் ஒரே மாதிரி தான் தேறுனாங்க. ஆக அவசரப்பட்டு ஏத்துறதுல லாபம் இல்ல. மிச்ச பாட்டில் வேற யாருக்காவது போயிருக்கும் அத்தை.

2019ல இன்னொன்னு, 5400 பேரு, வாயு மயக்கமா ஊசி மயக்கமா எது இதயத்துக்கு நல்லதுன்னு. வாயு தான் பாதுகாப்புன்னு பல வருஷமா சின்னச் சின்ன ஆய்வுங்க சொல்லிட்டு இருந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு எண்ணிப் பாத்தா சாவு எண்ணிக்கைல வித்தியாசம் இல்ல. இத்தன ஆயிரம் பேரு, வருஷக்கணக்குல உழைப்பு, கடைசில "வித்தியாசம் இல்ல"ன்னு ஒரு வரி, இதுக்கா கஷ்டப்படறீங்கன்னு கேட்டேன். "வித்தியாசம் இல்லன்னு தெரிஞ்சா எது கைல இருக்கோ அத நிம்மதியா குடுக்கலாம்டா, அது சின்ன விஷயமா"ன்னுச்சு.

ஆறு மாசம் கழிச்சு அக்கா லீவுல வந்தப்ப மாமாவ கூட்டிட்டு ஏற்காடு போனோம். அவரு டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான். 1500 மீட்டர் ஒசரத்துல காத்தோட அழுத்தம் கடல் மட்டத்த விட சுமாரா 16, 17 சதவீதம் கம்மி, நல்லா தேறுனவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனாலும் அக்கா பேக்ல ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்ளோன்னு காட்டுற அந்த வெரல் கிளிப்ப போட்டு வெச்சிருந்துச்சு. கொண்டை ஊசி இருவதையும் தாண்டி லேக் பக்கம் உக்காந்து மாமா வெரல்ல மாட்டுனா 96. "கீழயும் இதே தான் காமிச்சுது, உன் மெஷின் ரிப்பேரு"ங்கறாரு.

அப்ப அக்கா சும்மா வெளையாட்டுக்கு அவர்கிட்ட பதினஞ்சு கேள்வி கேட்டுச்சு. மெல்போர்ன்ல மைல்ஸ்னு ஒரு மயக்க டாக்டரோட குழு செஞ்ச கேள்வித்தாள், வழக்கமா ஆபரேஷனுக்கு அடுத்த நாள் கேக்கறது, ஒவ்வொண்ணுக்கும் பத்து மார்க், மொத்தம் 150. நல்லா மூச்சு விட முடியுதா, சாப்பாடு ருசிக்குதா, நல்லா தூங்குனீங்களா, நீங்களே பாத்ரூம் போய்க்கறீங்களா, வீட்டுல இருக்கறவங்களோட பேச முடியுதா, கவலையா இருக்கான்னு. பிரஷர் எவ்ளோ, ஈசிஜி எப்படின்னு ஒரு கேள்வி கூட கெடையாது, முழுக்க பேஷண்ட் வாயால சொல்றதுதான் மார்க்கு.

மூச்சுக்கு பத்து போட்டாரு. தூக்கத்துக்கு ஒம்பது. சாப்பாட்டுக்கு ரெண்டு, உப்பில்லாம ஒங்க அத்தை சமையலுக்கு அதுவே ஜாஸ்தின்னாரு, அத்தை மொறைச்சாங்க. திரும்பி வர்றப்ப தட்டுவடை செட் வேணும்னு அடம், ஒரே ஒரு செட் வாங்கி அஞ்சு பேரும் பிச்சு சாப்பிட்டோம்.

வண்டில ஏறறப்ப அக்கா கேட்டுச்சு, "மாமா, ஐசியூல அந்த ராத்திரி ஏதாச்சும் ஞாபகம் இருக்குங்களா?"

கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "எல்லாம் ஞாபகம் இருக்கு கண்ணு. நீங்கல்லாம் என்ன வேணா சொல்லுங்க, மூணாம் நம்பர்ல பாவு அறுந்தது நெசம்."